பயணப் பெட்டியில் வந்த முகப்பூச்சு



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் மக்களுக்குப் பயண ஆசையும் கூடவே வந்துவிடும். வடக்கே இருப்பவர்கள் பேருந்து பேசிக்கொண்டு பாடாங் பெசார் வழியாக ஹாட்யாய் போய் வருவார்கள். ஜொகூர்ப் பக்கத்தில் இருப்பவர்கள் பாலத்தைக் கடந்து தேக்காவுக்குப் போவார்கள். நாலு காசு சேர்த்து வைத்தவர்கள் தமிழ்நாட்டுக்குப் போய்க் கோயில் குளங்களைத் தரிசித்து, தி.நகரில் புடவை எடுத்துத் திரும்புவார்கள். எங்கே போய் வந்தாலும் பெட்டியைத் திறந்தால் ஒரு மூலையில் சோப்பு, பவுடர், கண்மை, முகப்பூச்சு என்று ஒரு சிறு மூட்டை இருக்கும். போகாதவர்கள் கேட்டு அனுப்பியது பாதி, போனவர்கள் ஆசைப்பட்டு வாங்கியது மீதி.

இதில் குற்றம் ஒன்றுமில்லை. உழைக்கும் பெண்ணுக்குத் தன் முகம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்ற ஆசை இருக்கக்கூடாதா, என்ன? ஆனால் அந்த மூட்டையில் என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குகிறோமா? நான் பார்க்கவில்லை. அதனால் விளைந்ததைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

மோதிரம் சொன்ன சேதி

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பேருந்து நிறைய ஹாட்யாய் போனோம். புறப்படும் முன் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். "டீச்சர், அங்க வெள்ளை டப்பாவுல ஒரு கிரீம் விக்கிறாங்களாம். ரெண்டே வாரத்துல முகம் பளிச்சுனு ஆயிடுமாம். பெரியவளுக்கு நிச்சயம் வருது. நானும் கொஞ்சம் பூசிக்கலாம். ரெண்டு டப்பா வாங்கிட்டு வாங்க" என்றார். சந்தையில் அது மலையாகக் குவிந்து கிடந்தது. தயாரித்தவர் பெயர் இல்லை, என்னென்ன கலந்தது என்ற விவரம் இல்லை. பாடம் நடத்தும்போது பிள்ளைகளிடம் "படித்துப் பார், பிறகு எழுது" என்று ஓயாமல் சொல்லும் நான், படிப்பதற்கு ஒரு வரிகூட இல்லாத டப்பாவைப் பேரம் பேசி வாங்கினேன். ஒன்றுக்கு மூன்று என்று விலை குறைந்ததில் எனக்குப் பெருமை வேறு.

அக்காவின் முகம் இரண்டு வாரத்தில் வெளுத்தது உண்மை. லயத்தில் எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு மாதம் கழித்து ஒருநாள் மாலை அக்கா தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி என் கையில் வைத்தார். பொன் நிறம் போய், ஒரு பக்கம் ஈயம் பூசியதுபோல் வெள்ளையாக இருந்தது. "பொற்கொல்லர் நல்ல தங்கம்னுதானே கொடுத்தாரு, டீச்சர்? என்னை ஏமாத்திட்டாரா?" என்று கேட்டார். அதற்கடுத்த வாரமே அவருடைய கண்ணிமையும் காலும் வீங்கின. சிறுநீரில் சோப்பு நுரைபோல் நுரை நின்றது.

மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "முகத்தில் என்ன பூசுகிறீர்கள்?" என்பது. பரிசோதனையில் சிறுநீரில் புரதம் இறங்கியிருந்தது. பாதரசம் அளவுக்கு மேல் இருந்தது. வீட்டில் எல்லோரையும் சோதிக்கச் சொன்னார். அக்காவின் கடைக்குட்டி அப்போது என் மூன்றாம் ஆண்டு வகுப்பு மாணவி. அம்மா வேலைக்குப் போனபின் அவளும் அந்த டப்பாவில் விரலைவிட்டுப் பூசிவந்திருக்கிறாள். அவள் உடலிலும் பாதரசம் இருந்தது. "நானும் வெள்ளையா ஆனா யாரும் கேலி பண்ண மாட்டாங்க, டீச்சர்" என்று அவள் என்னிடம் சொன்னபோது எனக்கு நாக்கு எழவில்லை. அவள் வகுப்பில் கேலி நடந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டதும் நான், டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்ததும் நான்.

பாதரசம் என்ன செய்கிறது?

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் பொருள். வெயிலின் கடுமையிலிருந்து நம்மைக் காக்க இயற்கை கொடுத்த குடை அது. பாதரச உப்புகள் தோலுக்குள் புகுந்து மெலனின் உண்டாவதைத் தடுக்கின்றன. அதனால்தான் முகம் சீக்கிரம் வெளுக்கிறது. ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. சிறுநீரகப் பாதிப்பு, தோலில் தடிப்பும் கறையும், கைகால் மரத்துப்போதல், காரணமில்லாத பதற்றம், மனச்சோர்வு ஆகியவை இதனால் வரக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. பூசுகிறவரின் துண்டு, தலையணை, கை ஆகியவை மூலமாக வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் அது போய்ச் சேரும்.

2023ஆம் ஆண்டில் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயோடு வந்தவர்களை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களில் பலர் முகத்தை வெளுப்பாக்கும் பூச்சுகளைப் பயன்படுத்தியதைக் கண்டறிந்தார்கள். ஆகவே இது எங்கள் லயத்தில் மட்டும் நடந்த கதையன்று.

மினமாட்டா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜப்பானில் உள்ள அந்தக் கடலோர ஊரில் ஆலைக் கழிவோடு வந்த பாதரசம் மீன் வழியாக மக்களைத் தாக்கியது 1956இல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஊரின் பெயரையே தாங்கிய உலக உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு, 2017இல் நடப்புக்கு வந்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கலந்த அழகுப் பொருள்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020க்குள் நிறுத்த வேண்டும் என்று அதில் முடிவாகியது. அந்தச் சிறு அளவையும் விட்டுவைக்காமல், பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை 2025க்குள் அறவே ஒழிப்பதென்று 2023இல் நாடுகள் ஒப்புக்கொண்டன. சட்டம் இருக்கிறது. ஆனால் சந்தையில் குவிந்து கிடக்கும் பெயரில்லாத டப்பாவுக்குச் சட்டம் தெரியாது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலாவது, எழுத்து. தயாரித்தவர் பெயரும் முகவரியும், கலந்துள்ள பொருள்களின் பட்டியலும், தொகுதி எண்ணும், தேதியும் இல்லாத எதையும் தொடாதீர்கள். பட்டியலில் 'மெர்க்குரி', 'மெர்க்குரிக்', 'கலோமெல்' என்ற பெயர்கள் இருந்தால் அது பாதரசம்தான். தங்கம், வெள்ளி, அலுமினியம் ஆகியவற்றில் படாமல் வைத்துக்கொள்ளும்படி எச்சரிக்கை அச்சடித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. அக்காவின் மோதிரம் வெளுத்ததற்கும் அதுவே காரணம். பொற்கொல்லர் ஏமாற்றவில்லை.

இரண்டாவது, தேதி. தாய்லாந்துப் பொருள்கள் சிலவற்றில் புத்த ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். அது நம் கணக்கைவிட 543 ஆண்டு கூடுதல். 2568 என்றிருந்தால் அது 2025. இது தெரியாமல், இன்னும் ஐந்நூறு வருடம் தாங்கும் என்று சிரித்துக்கொண்டே காலாவதியான பொருளை வாங்கிவிடக்கூடாது. மூடி திறந்த சிறு டப்பாவின் படத்துக்குள் '12எம்' என்று போட்டிருந்தால், திறந்த பின் பன்னிரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்று பொருள்.

மூன்றாவது, களிம்பு வேறு, அழகுப்பூச்சு வேறு. தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. சொறி, படைக்குப் பூசும் சிறு டியூப்களை "முகத்துக்கு நல்லது" என்று சொந்தக்காரர்கள் வாங்கிக் கொடுப்பதுண்டு. அவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு. பூசினால் முகம் முதலில் வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடித்து, நிறுத்தினால் எரியும். இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதென்று 2018இல் இந்திய அரசு ஆணையிட்டது. ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் ஆகியவையும் மருத்துவர் பார்த்துத் தரவேண்டிய மருந்துகள். கர்ப்பிணிப் பெண்கள் டிரெட்டினோயின் பக்கமே போகக்கூடாது.

நான்காவது, மருதாணி. அசல் மருதாணி ஆரஞ்சாகத் தொடங்கி, ஓரிரு நாளில் செம்பழுப்பாகும். ஒரு மணி நேரத்தில் கரிய நிறம் தரும் 'கறுப்பு மருதாணி'யில் பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. என்ற இரசாயனம் கலந்திருக்கும். கொப்புளம் கிளம்பி, தழும்பாக நின்றுவிடும். சுற்றுலாத் தலங்களில் பிள்ளைகளின் கையை நீட்டவிடாதீர்கள்.

பணமும் பெட்டியும்

இந்தியாவில் பொட்டலத்தின்மேல் 'எம்.ஆர்.பி.' என்று ஓர் அதிகபட்ச விலை இருக்கும். அதில் வரி எல்லாம் அடக்கம். அதற்குமேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 2024 முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. அங்குப் போகுமுன் அதே பொருள் நம் பட்டணத்து மருந்தகத்தில் என்ன விலை என்று குறித்துக்கொண்டு போங்கள். சிங்கப்பூர் வெள்ளியை நம் வெள்ளியாக மாற்றிக் கணக்குப் போட்டால், தூக்கிச் சுமந்து வருவதற்கு லாபம் ஒன்றுமில்லை என்பது பலமுறை தெரியவரும்.

விமானத்தில் வருகிறவர்கள் கைப்பையில் வைக்கும் நீர்மப் பொருளைக் கவனிக்க வேண்டும். 2006இல் இலண்டனில் ஒரு சதி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு வந்த கட்டுப்பாடு இது. பொதுவாக ஒவ்வொரு புட்டியும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படாமல், எல்லாம் ஒரு லிட்டர் கொள்ளும் தெளிவான பையில் அடங்கவேண்டும். 200 மில்லிலிட்டர்ப் புட்டியில் கால்வாசிதான் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. புட்டியின் அளவுதான் கணக்கு. பெரிய புட்டிகளை மூடியில் ஒட்டுத்தாள் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எடுத்த எடுப்பில் முகத்தில் பூசாதீர்கள். முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது பூசி, இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அது உங்களுக்கு ஆகாது.

நம் நாட்டில் விற்கும் அழகுப் பொருள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2008 முதல் அவை சுகாதார அமைச்சின் கீழுள்ள மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் அறிவிக்கப்பட வேண்டும். அப்படி அறிவித்தவற்றுக்கு 'நோட்' என்று தொடங்கி 'கே' என்று முடியும் எண் உண்டு. என்.பி.ஆர்.ஏ. எனப்படும் அந்த முகமையின் இணையத்தளத்தில் பொருளின் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். பாதரசம் முதலியன கலந்திருந்து அறிவிப்பு இரத்தான பொருள்களின் பெயர்களையும் அவர்கள் அவ்வப்போது வெளியிடுகிறார்கள். எண் இருப்பதாலேயே எல்லாம் சோதிக்கப்பட்டது என்று நினைத்துவிடக்கூடாது. ஆனால் எண்கூட இல்லாததை வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றோரம் நடப்பதற்குச் சமம்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது என்று கேட்பீர்கள். வெயிலில் உழைக்கும் நமக்கு உண்மையாகவே பயன்படுவது வெயில் காப்புப் பூச்சு. எஸ்.பி.எஃப். 30 என்றிருப்பது தோலைச் சுடும் கதிரில் ஏறத்தாழ 97 விழுக்காட்டைத் தடுக்கும்; 50 என்றிருப்பது 98 விழுக்காடு. எனவே அதிக எண்ணுக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. வியர்வையில் கரைந்துவிடுவதால் இரண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி பூசுவதுதான் முக்கியம். வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை வைக்காதீர்கள், சூட்டில் கெட்டுவிடும்.

அக்கா இப்போது நலமாக இருக்கிறார். சிறுநீர் தெளிய எட்டு மாதம் ஆயிற்று. பூச்சை நிறுத்தியதும் முகம் முன்னைவிடக் கறுத்துத் திட்டுத்திட்டாகி, மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்கு வந்தது. மகளின் கல்யாணத்தன்று மணவறை அருகில் தன் சொந்த நிறத்தில், மஞ்சள் பூசிய முகத்தோடு நின்றார். அந்த மோதிரத்தை மட்டும் மாற்றவில்லை. "இருக்கட்டும் டீச்சர், யாராச்சும் கேட்டா காட்டலாம்" என்று சொல்லிவிட்டார்.

கடைக்குட்டியின் வகுப்பில் அன்றிலிருந்து நிறத்தைச் சொல்லிக் கேலி செய்ய நான் இடம் கொடுப்பதில்லை. வாசகர்களே, உங்கள் வீட்டு அலமாரியிலும் பெயரில்லாத டப்பா ஒன்று இருக்கலாம். இன்றே எடுத்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, அருகிலுள்ள அரசு மருந்தகத்தில் கேளுங்கள். முகத்தில் பூசி வந்திருந்தால் மருத்துவரிடம் டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். அடுத்த விடுமுறையில் யாராவது "வாங்கிட்டு வாங்க" என்று கேட்டால், முறுக்கோ புடவையோ வாங்கி வருவதாகச் சொல்லுங்கள். நான் இப்போது அப்படித்தான் சொல்கிறேன்.