குடையை விரித்த நோயாளி

1889ஆம் ஆண்டு. பிரான்சின் நான்சி நகர மருத்துவமனையில் பேராசிரியர் பெர்ன்ஹைம் தன் குடையை வார்டின் மூலையில் வைத்துவிட்டு, ஒரு நோயாளியை ஹிப்னாடிச உறக்கத்தில் ஆழ்த்துகிறார். தான் வெளியே போய்த் திரும்பியதும் அந்தக் குடையை விரித்துத் தன் தலைக்கு மேல் பிடிக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறார். பிறகு அவரை எழுப்பிவிட்டு வெளியேறுகிறார். அவர் மறுபடி உள்ளே நுழைந்ததும் நோயாளி எழுந்து வந்து, சொன்னபடியே குடை பிடிக்கிறார். கூரைக்கு அடியில் எதற்குக் குடை என்று டாக்டர் கேட்கிறார். நோயாளி சற்றுத் தடுமாறுகிறார், ஆனால் பதில் வந்துவிடுகிறது: வெளியே மழை பெய்கிறது, கிளம்பும் முன்பே குடையை விரித்துக்கொள்வீர்கள் என்று நினைத்தாராம்.

அவர் பொய் சொல்லவில்லை. கட்டளை அவர் நினைவில் இல்லை. கை ஒரு வேலையைச் செய்துவிட்டது, அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, எட்டியதை எடுத்துச் சொன்னார். அந்த வார்டில் நின்று பார்த்தவர்களில் ஒருவர் வியன்னாவிலிருந்து வந்திருந்த 33 வயது நரம்பியல் மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு. இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1938இல், லண்டனில் இருந்து எழுதிய கட்டுரையிலும் இந்தச் சோதனையை விவரித்தார்.

நனவிலி மனத்தைக் கண்டுபிடித்தவர் பிராய்டு என்று பலரும் சொல்வதுண்டு. அது சரியல்ல. எட்வர்ட் ஃபான் ஹார்ட்மன் என்ற ஜெர்மானியத் தத்துவவாதி 1869இலேயே நனவிலியைப் பற்றிப் பெரிய நூல் எழுதிவிட்டார். கண் பார்ப்பதற்குள் மூளை நமக்குத் தெரியாமலே பல கணிப்புகளைச் செய்துமுடிக்கிறது என்று இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கியிருந்தார். பிராய்டு சேர்த்தது வேறு. அந்த மறைவான பகுதியில் ஆசைகளும் அச்சங்களும் இருக்கின்றன. தாங்க முடியாதவை என்பதால் அவை உள்ளே தள்ளப்பட்டிருக்கின்றன. நோய்க்குறியாகவும் கனவாகவும் வாய்தவறிய சொல்லாகவும் அவை வெளியே தலைகாட்டுகின்றன. பேச்சின் மூலம் அவற்றை எட்ட முடியும்.

அந்தக் கடைசிக் கருத்துக்கு வழிகாட்டியவர் ஒரு பெண். பெர்த்தா பாப்பன்ஹைம். மருத்துவ வரலாற்றில் நெடுங்காலம் அவர் பெயர் வெறும் ‘அன்னா ஓ.’

1880இல் அவருக்கு வயது 21. வியன்னாவின் வசதியான யூதக் குடும்பம். நன்றாகப் படித்திருந்தும், பெண் என்பதால் மேற்படிப்புக்கு வழி இல்லை. படுக்கையில் விழுந்த அப்பாவுக்கு இரவெல்லாம் கண்விழித்துப் பணிவிடை செய்தவர் தானும் நோயில் விழுந்தார். வலது கை செயலிழந்தது. தாய்மொழியான ஜெர்மன் வரவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் பேசினார். பாம்புகள் தெரிந்தன. அவருக்கு மருத்துவம் பார்த்தவர் யோசெப் புரோயர், பிராய்டின் மூத்த நண்பர். நுரையீரல் விரியும்போது நரம்புகள் மூச்சை எப்படி ஒழுங்குபடுத்துகின்றன என்பதை ஹெரிங் என்ற உடலியலாளருடன் சேர்ந்து கண்டறிந்த உடலியல் ஆய்வாளர் அவர். உறுப்புகளை நுணுகி ஆராய்ந்து பழகிய மனிதர் ஓர் இளம்பெண்ணின் பேச்சை மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்டார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய வியப்பு.

கடும் கோடையில் ஒரு கட்டத்தில் பெர்த்தாவால் தண்ணீர் குடிக்க முடியாமல் போனது. தாகத்தோடு டம்ளரைக் கையில் எடுப்பார், உதட்டில் பட்டதும் தள்ளிவிடுவார். ஏறத்தாழ ஆறு வாரம் முலாம்பழம் போன்ற பழங்களால் தாகம் தணித்துக்கொண்டார். ஒருநாள் ஹிப்னாடிச நிலையில், தன்னோடு இருந்த ஆங்கிலேயப் பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தார். அந்தப் பெண்ணின் நாய்க்குட்டி ஒரு டம்ளரில் வாய்வைத்துத் தண்ணீர் குடித்ததை அவர் பார்த்திருக்கிறார். மரியாதை கருதி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அன்று அடக்கிய அருவருப்பையும் கோபத்தையும் கொட்டித் தீர்த்தார். பிறகு தண்ணீர் கேட்டார், நிறையக் குடித்தார், டம்ளர் உதட்டில் இருக்கும்போதே விழித்துக்கொண்டார். அதன்பின் அந்தத் தொல்லை வரவில்லை என்று புரோயர் பதிவு செய்திருக்கிறார். இந்த முறைக்கு ‘பேச்சுவழிச் சிகிச்சை’ என்று பெயர் சூட்டியவரும் பெர்த்தாதான்.

புரோயரும் பிராய்டும் 1895இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா ஆய்வு நூலில் இந்தக் கதை முதல் நோயாளிக் குறிப்பாக இடம்பெற்றது. பெர்த்தா குணமடைந்ததாக நூல் சொல்கிறது. உண்மை அப்படி இல்லை. 1882இல் சிகிச்சை முடிந்த கையோடு அவர் சுவிட்சர்லாந்தின் குரோய்ட்ஸ்லிங்கன் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டதும், மார்ஃபீன் பழக்கத்தால் அவதிப்பட்டதும் 1970களில் கிடைத்த ஆவணங்களில் தெரிந்தன. ஒரு துறையின் அடித்தளக் கதையிலேயே இப்படி ஒரு விரிசல் இருப்பதை நாம் மறைக்கக் கூடாது. பெர்த்தா மீண்டது பல ஆண்டுகள் கழித்து. 1904இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார், பெண்கள் கடத்தப்படுவதை எதிர்த்துப் போராடினார், ஆதரவற்ற பெண்களுக்கு இல்லம் நடத்தினார்.

பிராய்டு ஹிப்னாடிசத்தைக் கைவிட்டார். நோயாளியைச் சாய்வுப் படுக்கையில் படுக்க வைத்து, தான் கண்ணில் படாமல் தலைமாட்டில் உட்கார்ந்து, மனத்தில் தோன்றுவதை எல்லாம் தணிக்கை இல்லாமல் சொல்லச் சொன்னார்; உளப்பகுப்பாய்வு என்பது இந்த முறைதான். இதற்கும் ஒரு நோயாளியே காரணம்: அடிக்கடி குறுக்கே கேள்வி கேட்காமல் தன்னைப் பேசவிடும்படி ஒரு பெண்மணி அவரைக் கடிந்துகொண்டார். கனவுகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1899 நவம்பரில் வெளிவந்தது. அச்சிட்ட 600 பிரதிகள் விற்க எட்டு ஆண்டுகள் ஆயின. அதன்பிறகோ அந்தச் சிந்தனை இலக்கியம், ஓவியம், சினிமா, விளம்பரம் என்று எங்கும் நுழைந்தது. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். பிராய்டோடு ஆண்டுக்கணக்கில் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். தன் வங்காள நோயாளிகளிடம் தான் கண்டது ஐரோப்பியக் கோட்பாட்டுக்கு முழுக்கப் பொருந்தவில்லை என்று தயங்காமல் எழுதவும் செய்தார்.

அந்தத் தயங்காமை இத்துறைக்கு இன்னும் அதிகம் தேவைப்பட்டது. எந்த விடை வந்தாலும் பிராய்டின் கோட்பாடு அதைத் தன் வெற்றியாக்கிக்கொள்கிறது, எனவே அதைச் சோதித்துப் பார்க்கவே வழியில்லை என்றார் தத்துவவாதி கார்ல் பாப்பர். கடுமையான குற்றச்சாட்டு, பெரும்பாலும் நியாயமானது. பெற்றோரில் ஒருவர் மீது ஆசையும் மற்றவர் மீது போட்டியும் கொள்ளும் ஈடிபஸ் சிக்கல் எல்லாக் குழந்தைக்கும் உண்டு என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை.

ஆனால் நான்சியில் குடை விரித்த மனிதரை அறிவியல் வேறு பாதையில் போய் மீண்டும் சந்தித்தது. வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை வெட்டப்பட்ட ஓர் இளைஞரை 1970களில் மைக்கேல் கசானிகா சோதித்தார். இடப்பாதிக்குக் கோழிக்கால் படம். வலப்பாதிக்குப் பனிமூடிய காட்சி. பொருத்தமான அட்டையை எடுக்கச் சொன்னபோது இடப்பாதி இயக்கும் வலது கை கோழியைச் சுட்டியது, வலப்பாதி இயக்கும் இடது கை பனி அள்ள உதவும் மண்வாரியைச் சுட்டியது. பேசுவது இடப்பாதி; அது பனியைப் பார்க்கவே இல்லை. காரணம் கேட்டதும் இளைஞர் உடனே சொன்னார்: கோழிக்காலுக்குக் கோழி, கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய மண்வாரி. நம் நடத்தைக்குக் காரணம் சொல்லும் பகுதி பல நேரம் காரணத்தை அறியாமலே சொல்கிறது என்பதை இன்று ஆய்வகத்தில் காட்ட முடிகிறது. அடக்கப்பட்ட ஆசை அதற்குத் தேவைப்படவில்லை.

சிகிச்சை முறையும் உள்ளிருந்தே மாறியது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஏரன் பெக் உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற மருத்துவர். மனச்சோர்வு என்பது தன் மீதே திரும்பிய கோபம் என்ற கோட்பாட்டை நிறுவ நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். கோபத்துக்குப் பதில் இழப்பும் புறக்கணிப்பும் தோல்வியும்தான் அவற்றில் நிறைந்திருந்தன. ஒருநாள் ஒரு பெண் தன் காதல் அனுபவங்களைச் சொல்லிக்கொண்டே பதற்றமடைந்தார். அந்தப் பேச்சால்தான் பதற்றம் என்று பெக் விளக்கினார். அந்தப் பெண் மறுத்தார். டாக்டருக்குத் தன் பேச்சு சலிப்பூட்டுகிறதோ என்ற எண்ணம் கூடவே ஓடிக்கொண்டிருந்ததாம். அது ஆழத்தில் புதைந்த எண்ணம் அல்ல. கேட்டதும் சொல்லக்கூடிய தூரத்தில் இருந்தது. அப்படிக் கூடவே ஓடும் எண்ணங்களைப் பற்றி பெக் மற்ற நோயாளிகளிடமும் விசாரிக்கத் தொடங்கினார். இன்று உலகெங்கும் மனநல மருத்துவமனைகளில் பயன்படும் அறிவாற்றல் சிகிச்சை அந்த விசாரிப்பில் வளர்ந்தது.