கூடாரத்தில் வாழ்ந்த போதகர்

மெதடிஸ்ட் சபையில 'சர்க்யூட்'னு ஒரு முறை இருக்கு. பக்கத்துப் பக்கத்து ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு சர்க்யூட். போதகர் அதுக்குள்ள ஊர் ஊரா சுத்தி வருவார்.

தென்காசி, குற்றாலம் அடங்கிய பழைய திருநெல்வேலிச் சீமையில் பெருசா வேரூன்றியது ஆங்கிலிக்கன் மிஷன். ஆனா அதுலயும் அப்படிச் சுத்தின ஒருத்தர் உண்டு: ராக்லண்ட் ஐயர்.

கேம்பிரிட்ஜில் படிச்சவர். சென்னையில் சி.எம்.எஸ். மிஷனின் செயலாளர், அதாவது ஆபீஸ் வேலை. அதை விட்டுட்டு 1854-ல் வட திருநெல்வேலியில் ஊழியத்தைத் தொடங்கினார்.

ஏன் பங்களா கட்டலை? தெற்கே இருந்த மிஷனரிகளுக்குச் சபை, பள்ளிக்கூடம், ஊர்த் தகராறுன்னு பார்க்கவே நேரம் போயிடும். இவர் கூடாரத்துல தங்கினார். சுத்தியுள்ள கிராமங்களுக்குப் போய் வந்ததும், கூடாரத்தைப் பிரிச்சு அடுத்த இடம்.

இவரும் ஃபென், மெடோஸ் இருவரும் மட்டும் இத்தனை ஊருக்குப் போதுமா? போதாது. தெற்குச் சபைகள் தங்கள் செலவிலேயே உபதேசியார்களை முறை வச்சு அனுப்பின.

1858 அக்டோபரில் சிவகாசியில் ராக்லண்ட் இறந்தார். வயசு 43. ஆனா வேலை நிக்கலை. ஏன்னா அது அவர் ஒருத்தரை மட்டும் நம்பி நடக்கலை.

இன்னைக்கும் நெல்லை சி.எஸ்.ஐ.யில் பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு 'சேகரம்'. சேகர குரு சில வருஷத்துல மாற்றலாகிப் போவார். சபை அந்த ஊர் மக்களோடதான் இருக்கும்.