டோப்பி என்னும் இரலையும் தலைமேல் தொப்பியும்

இளங்கலை வகுப்பில் ‘பலபொருள் ஒருசொல்’ என்னும் பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். மாணவர் ஒருவர் எழுந்து, ஆங்கில அகராதியில் ‘டோப்பி’ என்னும் சொல்லுக்கு இரலை என்றும் தொப்பி என்றும் இருபொருள் கண்டதாகக் கூறினார். அவ்விரலையின் நெற்றி முதல் மூக்குவரை கருமை படர்ந்திருப்பதால், தொப்பி கவிழ்த்தாற்போலத் தோன்றி அப்பெயர் பெற்றதோ என்றும் வினவினார். படத்திலும் கருமை இருந்தது. “அவ்வாறே இருக்கலாம்” என்று விடையிறுத்துவிட்டேன். அவ்விடை பிழையானது. அதனைத் திருத்தவே இக்கட்டுரை.

டோப்பி, கிழக்காப்பிரிக்கச் சவன்னாப் புல்வெளிகளில் வாழும் இரலை. கென்யாவின் மசாய் மாரா, தான்சானியாவின் செரங்கெட்டி ஆகிய இடங்களில் இதனைக் காணலாம். செம்பழுப்பு மேனி, தொடைகளில் கருநீலத் திட்டுகள், கீழ்க்கால்கள், காலுறை அணிந்தாற்போல மஞ்சள் நிறம். ஆண், பெண் இரண்டுக்குமே வளையங்களோடு கூடிய கொம்புகள் உண்டு. கறையான் புற்றின்மேல் ஏறி அசையாது நின்று நாற்புறமும் நோக்குவது இதன் இயல்பு.

சிங்கத்தைக் கண்டால் டோப்பி மூக்கால் உரக்கச் சீறி எச்சரிக்கும். இனச்சேர்க்கைக் காலத்தில் பெண் தன் எல்லையை விட்டு நீங்க முற்பட்டால், சிங்கம் இல்லாதபோதும் ஆண் அவ்வாறே சீறுகிறது. அஞ்சிய பெண் அங்கேயே தங்கிவிடுகிறது. மசாய் மாராவில் இதனை ஆராய்ந்து புரோ-யோர்கன்சென், பாங்கிள் என்னும் இருவர் 2010இல் ஆய்வுரை வெளியிட்டனர். மெய்ச்சீற்றமும் பொய்ச்சீற்றமும் ஒலியால் வேறுபடவில்லை என்பது அவர்தம் முடிவு. ஒலி ஒன்றாயிருப்பதை நம்பி ஏமாறுவது இரலைக்கு மட்டும் உரியதன்று. அன்று வகுப்பில் நானும் அதனையே செய்தேன்.

இரலையின் பெயர் ஆப்பிரிக்க மொழி வழியே ஆங்கிலத்துக்குச் சென்றது. தொப்பியைக் குறிக்கும் சொல்லோ இந்தி, உருதுவிலிருந்து சென்றது. ஆங்கிலேய அதிகாரிகள் வெயிலுக்கு அணிந்த ‘சோலா டோப்பி’யை அறியாதார் இலர். ‘சோலா’ என்பது சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு செடி. நாம் அதனை நெட்டி என்கிறோம்; தஞ்சைக் கைவினைஞர் கோயில் வடிவங்கள் செதுக்குவது இந்த நெட்டியில்தான். எடையற்ற அதன் உட்சோற்றால் அத்தொப்பி செய்யப்பட்டது. சூரியனைக் குறிக்கும் ‘சோலார்’ என்னும் சொல்லே அது என மயங்கி, ‘சோலார் டோப்பி’ என்று எழுதிய ஆங்கிலேயரும் உண்டு. ஒலி மயக்கம் அவர்களையும் விட்டுவைக்கவில்லை!

இரலை வாழும் நாடுகளில் வழங்கும் சுவாஹிலி மொழியில் குல்லாயின் பெயர் ‘கோஃபியா’. அது ‘கூஃபிய்யா’ என்னும் அரபுச் சொல்லோடு உறவுடையது. ஆக, அங்கே குல்லாய்க்கும் இரலைக்கும் பெயரளவிலும் ஒப்புமை இல்லை. இருவேறு கண்டத்துச் சொற்கள் ஆங்கில எழுத்துக்கூட்டலில் வந்து ஓருருப் பெற்றன, அவ்வளவே. இது பலபொருள் ஒருசொல் அன்று. ஓருருப் பெற்ற இருசொல். ஒலி ஒத்தால் வேரும் ஒன்றெனத் துணிந்து சொல்லாராய்ச்சி செய்வோர் நம்மிடையே பலர். வரலாறு பாராத அத்துணிவு ஆராய்ச்சி ஆகாது.

மறுவாரம் வகுப்பில் இவற்றைக் கூறினேன். அம்மாணவர் விடவில்லை. “அப்படியானால் ஐயா, உரையாசிரியர்கள் காட்டும் ‘மா’ மரமாகவும் விலங்காகவும் நிற்கிறதே, அது ஒருசொல்லா, இருசொல்லா?” என்றார். இம்முறை உடனே விடை கூறவில்லை. நூலகத்தில் அகராதிகளைப் பார்த்து வருமாறு அவரிடம் சொல்லியிருக்கிறேன், நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.