டயபர் புண்ணும் களிம்பும்

பிரேசர் டவுனில் ஆனி, ஆடித் தூறல் பிடித்துக்கொண்டால் துணி காயாது, பகலிரவாக டயபர்தான். பெரியவர்கள் டயபரைத் திட்டுவார்கள். ஆனால், ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் டயபர், நனைந்த வேட்டித் துணியைவிட மேல். மாற்றாமல் விடுவதுதான் கெடுதல். என் பேத்திக்குப் புண் வந்தபோது இதைத் தேடிப் படித்தேன்.

மலத்திலுள்ள கிருமிகள் சிறுநீரின் யூரியாவை அம்மோனியாவாக்குகின்றன. காரத்தன்மை ஏறுகிறது. அப்போது மலத்திலுள்ள செரிமான நொதிகள் வலுத்து, ஊறிய தோலை அரிக்கின்றன. பேதியானால் புண் சட்டென்று முற்றுவது இதனால்தான்.

ஆகவே முதல் மருந்து காற்று. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, சற்று நேரம் திறந்து விடுங்கள். பிறகு துத்தநாக ஆக்ஸைடு களிம்பைக் கனமாகப் பூசவேண்டும். அடுத்த முறை அதை முழுக்கச் சுரண்ட வேண்டாம். அழுக்கை மட்டும் எடுத்தால் போதும். பவுடர் வேண்டவே வேண்டாம், தூள் மூச்சில் போகும்.

தொடை இடுக்கெல்லாம் நன்றாகச் சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் பொட்டுகள் தெரிந்தால் அது பெரும்பாலும் காண்டிடா என்ற பூஞ்சை. டாக்டர் க்ளோட்ரிமசோல் போன்ற களிம்பு எழுதித் தருவார். "எதுக்கும் கேக்கும்" என்று கடையில் நீட்டும் கலவைக் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு உண்டு. மேலே டயபர் மூடியிருப்பதால் அது உடம்புக்குள் கூடுதலாக இறங்கும், தோலும் மெலியும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய பல களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று ஆணையிட்டது. கேட்டால் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன.

காய்ச்சல், சீழ், கொப்புளம், இரண்டு மூன்று நாளில் தணியாத சிவப்பு, இவற்றில் எது கண்டாலும் குழந்தை டாக்டரிடம் போய்விடுங்கள்.