தோட்டச் சமையலின் பெரும்பொழுதுகள்: பேராவில் எழுதப்படாத ஒரு மடைநூல்

முன்னுரை

உணவகம் ஒன்று ஒரு சமையல் நூலைத் தெரிவு செய்து, அப்பருவத்தில் விளையும் பொருள்களைக் கொண்டு அந்நூலின் வழியே ஒரு மாலை விருந்து படைப்பது மேலை நாடுகளில் காணப்படும் வழக்கமாகும். பருவத்தை ஒட்டிச் சமைக்கும் இந்நோக்கை வளர்த்தவற்றுள், அமெரிக்காவின் பெர்க்கிலி நகரில் அலிஸ் வாட்டர்ஸ் 1971இல் தொடங்கிய ‘ஷே பனீஸ்’ உணவகம் குறிப்பிடத்தக்கது. அதன் மாடியில் 1980இல் எளிய சிற்றுணவகம் ஒன்று திறக்கப்பெற்றது. அச்சிற்றுணவகத்தின் சமையல் நூல் 1999இல் வெளிவந்தது. ஈப்போவிலும் பழைய கடைவீடுகள் பல இன்று சிற்றுணவகங்களாகியுள்ளன. அவற்றுள் ஒன்று, பேராவின் தோட்டப்புறத் தமிழர் உணவைப் பருவத்தோடு பொருத்திப் படைக்க விரும்பினால் எந்த நூலைக் கையில் எடுக்கும்? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

நிலத்தின் உணவும் நூலின் உணவும்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அவற்றைச் சார்ந்து தோன்றுவனவற்றைக் கருப்பொருள் என்றும் வகுக்கின்றது. கருப்பொருள் வரிசையில் தெய்வத்தை அடுத்து நிற்பது ‘உணா’. உணவு ஓரிடத்திலும் ஒரு காலத்திலும் பிறப்பது என்னும் கருத்து இவ்வைப்புமுறையிலேயே அடங்கியுள்ளது.

சிறுபாணாற்றுப்படை இதற்கு நல்ல சான்றாகும். வழிச்செல்லும் பாணர்க்கு எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீனும், வேலூரில் புளிச்சோற்றோடு ஆமான் சூட்டிறைச்சியும், ஆமூரில் வெண்சோற்றோடு நண்டும் கிடைக்கின்றன. நல்லியக்கோடனின் அரண்மனையிலோ நிலைமை வேறு. அங்குப் படைக்கப்பெறும் அடிசில், அருச்சுனனின் தமையனாகிய வீமன் செய்த நூலின் நெறி பிறழாதது என்று கூறப்படுகின்றது. மணிமேகலையின் ‘ஊரலர் உரைத்த காதை’யும் நாடகக் கணிகையர் கற்கும் கலைகளுள் ஒன்றாக மடைநூலை எண்ணுகின்றது. ஆக, வழியில் உண்பது நிலத்தின் உணவு. அரண்மனையில் உண்பது நூலின் உணவு. நூலேறும் வாய்ப்பு எவருடைய அடுப்புக்குக் கிட்டியது என்பதையும் இப்பாட்டு நமக்கு உணர்த்துகின்றது.

அச்சுக் காலத்திலும் இவ்வேறுபாடு நீங்கவில்லை. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வெளிவந்தது. குடும்பத்து மூத்த பெண்களின் நினைவில் மட்டும் இருந்ததை எழுத்தாக்கிய அருமை அந்நூலுக்கு உண்டு. எனினும், அது காட்டுவது தமிழ்நாட்டு அந்தணர் இல்லத்துச் சைவச் சமையல். பேராவின் லயத்து அடுப்பை அதில் தேடுதல் முறையாகாது.

பால்மரத்தின் பொழுதுகள்

பேராவின் கோலகங்சாரில் 1877இல் ரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. பின்னர்ச் சுங்கை சிப்புட் முதலிய வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. தமிழர் அங்குக் குடியேறினர். அவர்கள் கொண்டுவந்த நாட்காட்டி காவிரிக்கும் தாமிரபரணிக்கும் உரியது. தையில் அறுவடை, ஆடியில் விதைப்பு என்பன அதன் அடிப்படை. தோட்டத்திலோ நெல் விளையவில்லை. அரிசி கடையிலிருந்து வந்தது. பொங்கல் பொங்கியது; களம் இல்லை. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினர். கேழ்வரகு விளையும் கொல்லை இல்லை. உணவு தன் நிலத்தை இழந்து, தெய்வத்தைப் பற்றிக்கொண்டு நிலைத்தது எனலாம்.

இந்த நாட்காட்டிக்கு அடியில் மற்றொரு பொழுதும் இயங்கியது. அது மரத்தின் பொழுது. பொதுவாகப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும். அப்போது பால் குறையும்; பாலோடு வருமானமும் குறையும். ஆதலின் பொங்கலை அடுத்து வந்தது சிக்கனக் காலம். வீட்டுப்புறத்து முருங்கைக்கீரை, மரவள்ளிக்கிழங்கு, நெத்திலி ஆகியன கைகொடுத்தன.

அடுத்தது மழை. பேராவில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதி. பட்டை நனைந்தால் மரம் வெட்ட இயலாது. கோட்டு வழியே இறங்க வேண்டிய பால் மழைநீரோடு வழிந்துவிடும். மழை பெய்த காலை வேலையற்ற காலையாயிற்று. அதே மழைதான் புற்றுக்காளானையும் ஓடையோரப் பெரணித் தளிரையும் ஓடை மீனையும் தந்தது. கூலி நின்ற நாளில் காடு சோறு தந்தது என்னும் இவ்வியைபு ஆய்வுக்குரியது. ஆண்டின் பெருஞ்செலவாகிய தீபாவளி இரண்டாம் மழைக்காலத்தில் வருவதையும் உடன் நோக்க வேண்டும். முறுக்கும் அதிரசமும் வருமானம் தளரும் பருவத்தில் செய்யப்பெற்ற பலகாரங்கள் என்பதை அவற்றின் செய்முறை மட்டும் நமக்குக் கூறாது.

இவ்விரு மழைகளுக்கும் இடையே, ஜூன் முதல் ஆகஸ்டு வரை டுரியானும் ரம்புத்தானும் மங்குஸ்தீனும் பழுக்கும். இப்பழங்களுக்குச் சங்கப் பெயர் இல்லை. தமிழ் மாதத்தில் இடமும் இல்லை. ஆயினும் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு பெரும்பொழுதே.

பருவம் மட்டுமன்றி வரலாறும் உணவை மாற்றியது. 1941 முதல் 1945 வரையிலான சப்பானியர் காலத்தில் அரிசி அரிதாயிற்று. மரவள்ளி சோற்றின் இடத்தைப் பெற்றது. சில வீடுகளில் அக்கிழங்கு பிற்காலத்தில் விருப்ப உணவாகவும், சில வீடுகளில் நினைக்கவும் விரும்பாத உணவாகவும் ஆனதற்கு இதுவே காரணம்.

எஞ்சியிருப்பவை

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போன பின்னர் மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தனர். செம்பனைக்கு இலையுதிர் காலம் இல்லை. ஆதலின், மரத்தோடு அதன் பொழுதும் மறைந்தது. ஈப்போவின் புந்தோங்கில் உள்ள கச்சாங் பூத்தே கிராமம், தமிழர் தின்பண்டத் தொழில் நிலைத்ததற்குச் சான்றாக விளங்குகின்றது. விற்பனைக்கு உரியது இவ்வாறு பிழைத்துக்கொண்டது. விற்க இயலாத இலையுதிர் காலத்துக் குழம்பு அவ்வாறு பிழைக்கவில்லை. அதை அறிந்தவர் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்த பெண்டிர். அவர்கள் மறைந்தால் அச்சமையலோடு அதன் சொற்களும் மறையும்.

ஆசிரியர் செய்யத்தக்கது

தோட்டத்து நாட்டுப்பாடல்களைத் தொகுத்த அக்கறையை அடுப்பங்கரைக்கும் நீட்டிக்க வேண்டும் என்பது நம் கருத்து. இப்பணியில் மூன்று நெறிகள் இன்றியமையாதன. முதலாவதாக, “எப்படிச் செய்வீர்கள்?” என்பதற்கு முன் “எப்போது செய்தீர்கள்?” என்று கேட்க வேண்டும். விடை மாதப் பெயராக அமையாமல் “இலை கொட்டும்போது”, “பால் குறைஞ்சப்போ” என்று வருமாயின், அதனை அவ்வாறே எழுத வேண்டும். இரண்டாவதாக, கைப்பிடி, பால் டின் ஆகிய அளவுகளைக் கிராமாக மட்டும் மாற்றிவிடலாகாது. அளவும் ஒரு வரலாற்றுச் செய்தியே. மூன்றாவதாக, சம்பால் போன்ற மலாய்ச் சொற்களைத் தூய்மை கருதி நீக்குதல் கூடாது. அயலவரோடு கூடி வாழ்ந்தமைக்கு அவையே சான்று.

இடைநிலைப்பள்ளி மாணவர் தம் பாட்டியிடம் ஓர் உணவைப் பற்றி இம்முறையில் கேட்டு எழுதுதல், நேர்காணல், வருணனை, சொல்வளம் ஆகிய பயிற்சிகளை ஒருங்கே அளிக்கும். இத்தொகுப்பு ஐந்திணையைக் கற்பிக்கவும் உதவும். பால்மரம் மரமாகவும், பெரட்டுக்கு அழைக்கும் ஓசை பறையாகவும், பால் வெட்டுதல் தொழிலாகவும், மாரியம்மன் தெய்வமாகவும் அமையும்போது, கருப்பொருள் என்பது மாணவர்க்கு மனனத்திற்குரிய பட்டியலாக இராது.

முடிவுரை

ஈப்போவின் சிற்றுணவகம் தேடும் நூல் நம் சமையல் நூல் வரிசையில் இன்னும் இடம்பெறவில்லை. அது பலருடைய நினைவில் சிதறிக் கிடக்கின்றது. நல்லியக்கோடனின் விருந்தை வீமனின் நூல் தாங்கியது. எயிற்பட்டினத்தின் சுட்ட மீனுக்கு நூல் இல்லை. ஆயினும், அதைப் பாட ஒரு புலவர் இருந்தார். தோட்டத்து அடுப்புக்கு அப்புலவரின் இடத்தில் நிற்கக்கூடியவர்கள் இன்றைய தமிழாசிரியர்களே. அப்பணிக்கு எஞ்சியுள்ள காலம் குறைவு.