பையா, குடுவையா? தூசி உறிஞ்சும் யந்திரத்தின் தத்துவம்

சென்னையில் அசோக் நகர் என்னும் குடியிருப்பு உருவானதன் ஞாபகார்த்தமாக 1964ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சிங்கத் தூணைச் சுற்றி, அந்நாளில் மொஸைக் தளமும் வாசலில் மரமுமாக எழுந்த தனி வீடுகளில் பல, இன்று இடிபட்டு அடுக்குமாடிக் கட்டடங்களாக மாறிக்கொண்டிருக்கின்றன. தெருவுக்குத் தெரு நடக்கும் அந்தக் கட்டட வேலையும், நூறடிச் சாலையில் இரவு பகலாக ஓடும் வாகனங்களும் சேர்ந்து, காலையில் துடைத்த மேஜையின்மீது மாலைக்குள் விரலால் பெயர் எழுதிப் பார்க்கும் அளவுக்குத் தூசியைப் படியச் செய்துவிடுகின்றன. இந்த உபத்திரவத்துக்குப் பரிகாரம் தேடி வாக்குவம் கிளீனர் வாங்கச் செல்லும் குடும்பஸ்தரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது, தூசி போய்த் தங்குவதற்கு உள்ளே பை வைத்த யந்திரம் வேண்டுமா, பை இல்லாமல் பிளாஸ்டிக் குடுவை வைத்த யந்திரம் வேண்டுமா என்பதுதான். பை வாங்கும் செலவு மிச்சம் என்பதோடு அந்த விசாரணை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆனால் இது, காற்றையும் அதில் கலந்த தூசியையும் எவ்வாறு பிரிப்பது, பிரித்த தூசியை எவ்வாறு வெளியேற்றுவது என்னும் பௌதிக விஷயமாகும்.

வீட்டுத் தூசி ஒரே பொருளால் ஆனதன்று. தெருமண், சிமெண்டு, புகைக்கரி, துணி நூல், தலைமயிர், நம் தோலிலிருந்து உதிரும் செதில், அந்தச் செதிலைத் தின்று வாழும் நுண்ணிய பூச்சிகள், அவற்றின் எச்சம் ஆகிய அனைத்தும் அதில் கலந்திருக்கின்றன. தண்ணீரின் அடர்த்தியும் 10 மைக்ரான் குறுக்களவும் உள்ள ஒரு துகள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கே உள்ள துகள், அசைவற்ற காற்றில் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வந்துசேரச் சுமார் 11 நிமிஷம் ஆகிறது. 1 மைக்ரான் துகளுக்கோ ஏறத்தாழ 16 மணி நேரம் வேண்டும். ஆகவே பூந்துடைப்பத்தால் வீசிப் பெருக்கும்போது மணலும் மயிரும் ஒரு மூலையில் குவிகின்றனவே தவிர, சுவாசப்பையின் ஆழம்வரை செல்லவல்ல சூட்சுமமான துகள்கள் காற்றில் கிளம்பி, பெருக்கியவர் தம் வேலையை முடித்துக்கொண்டு போன பின்பும் அந்த அறையிலேயே மிதந்துகொண்டிருக்கின்றன.

தூசியை ஊதித் தள்ளாமல் உறிஞ்சி எடுக்க வேண்டும் என்னும் யோசனையை 1901இல் லண்டனில் செயலுக்குக் கொண்டுவந்தவர் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் எஞ்சினியர். காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும் ஒரு யந்திரத்தின் செயல்முறை விளக்கத்தைக் கண்ட அவர், அதன் எதிர்மாறே பயன் தரும் என்று கருதி, உணவகம் ஒன்றின் நாற்காலி மெத்தைமீது கைக்குட்டையை விரித்து வாயால் பலமாக உறிஞ்சினார். கைக்குட்டையின் மறுபுறத்தில் தூசி வட்டமாகப் படிந்திருந்தது. அதன் விளைவாக அவர் அமைத்த யந்திரம் குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தவேண்டிய அளவுக்குப் பெரியது. அதை வீட்டுக்குள் நுழையும் அளவுக்குச் சுருக்கியவர் அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்துக் கான்டன் நகரில் ஒரு கடையைப் பெருக்கித் துப்புரவு செய்துவந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர். ஆஸ்துமாவால் அவதியுற்ற அவர், தாம் பெருக்கும் தூசியே தம் மூச்சை அடைப்பதைப் பொறாமல், மின்விசிறி மோட்டார் ஒன்றையும் துடைப்பக் கழியையும் தலையணை உறையையும் இணைத்து ஒரு கருவியைச் செய்து 1908இல் காப்புரிமை பெற்றார். கைக்குட்டையும் தலையணை உறையும்தான் இன்றைய பைகளுக்கெல்லாம் மூதாதை.

பை செய்யும் காரியம் வடிகட்டுதல். உள்ளிருக்கும் விசிறி அதிவேகமாகச் சுழன்று யந்திரத்துக்குள் காற்றழுத்தத்தைக் குறைக்க, வெளியிலுள்ள வாயுமண்டலம் தன் அழுத்தத்தால் காற்றையும் அதனுடன் தூசியையும் குழாய்க்குள் தள்ளுகிறது. அந்தக் காற்று பையின் துளைகள் வழியே வெளியேற, தூசி உள்ளே தங்குகிறது. நல்ல பைகள் இந்நாளில் துணியாலோ சாதாரணக் காகிதத்தாலோ ஆனவை அல்ல. மருத்துவர் அணியும் முகக்கவசத்தில் உள்ளதைப் போன்ற, மின்னேற்றம் பெற்ற செயற்கை இழைகள் பல அடுக்குகளாக அமைந்தவை. ஆயினும் தூசி நிறைய நிறையத் துளைகள் அடைபடுவது தவிர்க்க இயலாதது. காற்றோட்டம் குறைகிறது, உறிஞ்சும் சக்தியும் தளர்கிறது. பை நிறைந்த யந்திரத்தின் சத்தம் கிறீச்சென்று உயர்வதைக் கேட்டு அது கடுமையாக உழைப்பதாக எண்ணுவோர் உண்டு. உண்மையில் தள்ளுவதற்குக் காற்று குறைந்துவிட்டபடியால் விசிறியின் பளு குறைந்து, மோட்டார் மேலும் வேகமாகச் சுழல்வதன் ஒலியே அது.

இந்த அடைப்பினால் எரிச்சலுற்ற ஆங்கிலேயர் ஜேம்ஸ் டைசன், மர அறுப்பு ஆலைகளில் மரத்தூளைப் பிரிக்கப் பயன்பட்டுவந்த 'சைக்ளோன்' என்னும் கூம்பு வடிவச் சாதனத்தை வீட்டு யந்திரத்துக்குள் அடக்க முற்பட்டு, 5,127 மாதிரிகளைச் செய்து பார்த்தார் என்பது பிரசித்தம். அவருடைய சொந்தப் பெயரில் முதல் யந்திரம் 1993இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அசோக் தூண் சந்திப்பில் பஸ் வேகமாகத் திரும்பும்போது நின்றுகொண்டிருக்கும் பிரயாணிகள் வெளிப்புறமாகச் சாய்வதைப் போலவே, கூம்புக்குள் சுழலும் காற்றில் உள்ள துகள்கள் சுவரை நோக்கி ஒதுங்கி, வேகம் இழந்து, கீழேயுள்ள குடுவையில் விழுகின்றன. துளையே இல்லாத இடத்தில் அடைப்பதற்கு ஏதுமில்லை. ஆகவே குடுவை நிரம்பும்வரை இழுவிசை பெரும்பாலும் மாறுவதில்லை.

ஆயினும் இதற்கும் ஓர் எல்லையுண்டு. துகளின் எடை அதன் குறுக்களவின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் குறைகிறது; காற்று அதைப் பற்றி இழுக்கும் விசையோ குறுக்களவுக்கு நேர்விகிதத்தில் மட்டுமே குறைகிறது. எனவே பத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள துகள் சுவரை நோக்கி ஒதுங்கும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. மணலையும் மயிரையும் எளிதில் பிரிக்கும் சைக்ளோன், மிகச் சிறிய துகள்களைக் காற்றோடு தப்பவிட்டுவிடுகிறது. அவற்றைப் பிடிக்கப் பின்னால் ஒரு ஃபில்டர் வேண்டும், அந்த ஃபில்டர் அடைபடவே செய்யும். பை இல்லாத யந்திரத்துக்கு ஃபில்டரும் இல்லை என்று எண்ணுவது தவறு.

இரு வகையிலும் கடைசிக் காவலாக நிற்பது ஹெப்பா ஃபில்டர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தின்போது கதிரியக்கத் துகள்களைத் தடுப்பதற்காக உருவான இந்த வகை, அமெரிக்க நியமப்படி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். பெரிய துகள்கள் தம் வேகத்தாலேயே இழைகளில் மோதி நின்றுவிடுகின்றன. மிகச் சிறியவை தாறுமாறாக அலைந்து இழையில் ஒட்டிக்கொள்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவே எளிதில் தப்பக்கூடியது என்பதால்தான் அந்த அளவில் பரீட்சை வைக்கிறார்கள். ஆனால் ஃபில்டர் எவ்வளவு உயர்ந்ததாயினும், யந்திரத்தின் மூடி விளிம்பில் ரப்பர் வளையம் பொருந்தாமல் காற்று ஓரமாகக் கசியுமானால் அதனால் பயனில்லை.

வாட் எண்ணைக் கண்டு மயங்குவதும் வேண்டாம். அது யந்திரம் உண்ணும் மின்சாரத்தின் அளவேயன்றி உறிஞ்சும் பலத்தின் அளவன்று. ஐரோப்பிய யூனியன் வீட்டு யந்திரங்களின் சக்தியை 2014இல் 1,600 வாட்டுக்கும் 2017இல் 900 வாட்டுக்கும் உட்பட்டதாக இருக்கவேண்டுமென வரையறுத்தது. அத்துடன் கொண்டுவந்த தரச்சீட்டு முறையை டைசன் நிறுவனம் எதிர்த்து வழக்காடியது. பையும் குடுவையும் காலியாக இருக்கும்போதே பரீட்சை நடத்தி, நிறைந்த நிலையில் என்ன ஆகும் என்பதைக் கணக்கில் கொள்ளாதது நியாயமன்று என்பது வாதம். ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அதை ஏற்று 2018 நவம்பரில் அந்த முறையை ரத்து செய்தது. கடையில் காலி யந்திரத்தை ஓட்டிக் காட்டும்போது நாமும் இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

நம் நாட்டில் இந்த யந்திரத்தைப் பரவலாக அறிமுகப்படுத்திய பெருமை, 1982இல் தொடங்கப்பட்டு, கழுத்தில் டை கட்டிய இளைஞர்களை வீடு வீடாக அனுப்பிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தைச் சேரும். அன்று முதல் இங்கு வழங்கிவரும் யந்திரங்கள் பலவற்றில் பை என்பது உதறி மீண்டும் மாட்டும் துணிப்பையாகவே இருந்துவருகிறது. மொட்டை மாடியிலோ மாடிப்படி அருகிலோ நின்று அந்தப் பையை உதறுபவர், யந்திரம் சிரமப்பட்டுச் சேர்த்த சூட்சுமத் தூசியை ஒரே மூச்சில் திரும்பப் பெறுகிறார். பை யந்திரத்தின் சிறப்பே, வாயை மூடியபடி அப்படியே குப்பையில் போடக்கூடிய பையில்தான் இருக்கிறது; துணிப்பை அந்தச் சிறப்பை இழந்து, அடைப்பு என்னும் குறையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது.

மேலும், கம்பளம் விரிக்காத சென்னை வீட்டில் டைல்ஸ் தரைக்கு ஈரத்துணியே பெரும்பாலும் போதும். யந்திரம் அவசியமாவது மெத்தை, சோபா, திரைச்சீலை, புத்தக அலமாரி, கொசுவலை அடித்த ஜன்னல் ஆகிய இடங்களில்தான். அவற்றுள் மெத்தையே முக்கியம். காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை நகரத்தில் தூசிப் பூச்சிகள் செழித்து வளர்கின்றன. ஆஸ்துமாவையும் அடுக்குத் தும்மலையும் தூண்டும் புரதம் அவற்றின் எச்சத்தில் உள்ளது. அந்த எச்சத் துகள் சுமார் 20 மைக்ரான் பருமனுடையதாகையால் பையும் சைக்ளோனும் அதை எளிதில் பிடித்துவிடுகின்றன. பிடித்ததை வெளியே கொட்டும்போதுதான் இரண்டுக்கும் உள்ள பேதம் வெளிப்படுகிறது. குடுவையின் அடிமூடி திறந்ததும் தூசி புகைபோல எழும்; அதற்கு முன்னால் நிற்பவர் பெரும்பாலும் யந்திரத்தை வாங்கியவராக இருப்பதில்லை, வீட்டு வேலைக்கு வரும் அம்மாளாக இருக்கிறார். உயிருள்ள பூச்சிகள் இழைகளைப் பற்றிக்கொண்டு தப்பிவிடக்கூடியவை என்பதால், மெத்தை விரிப்பை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதையும் எந்த யந்திரத்துக்காகவும் கைவிடலாகாது.

குடுவை யந்திரத்தின் ஃபில்டரைத் தண்ணீரில் அலசி, மறுபடி மாட்டுமுன் முழுமையாக ஒரு நாளாவது உலரவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது இரண்டு மூன்று நாளும் ஆகும். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பிடித்து, யந்திரமே வீட்டில் நாற்றத்தைப் பரப்பும். பூஜை அறையில் சிந்திய விபூதி, கோலமாவு, சுவருக்குப் பட்டி பார்த்தபின் தேய்த்த பொடி ஆகியவை எந்த வகை யந்திரத்துக்கும் சத்துரு. இவை ஃபில்டரைச் சில நிமிஷங்களிலேயே அடைத்துவிடும் என்பதால் ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதே உத்தமம். கனல் அவியாத ஊதுவத்திச் சாம்பலை உறிஞ்சுவதோ அபாயகரமானது.

ஆகவே முடிவு இதுதான். ஆஸ்துமாவோ தூசி ஒவ்வாமையோ உள்ளவர் வீட்டில் இருந்தால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பல அடுக்குப் பையும், கசிவற்ற ஹெப்பா ஃபில்டரும் உள்ள யந்திரமே தக்கது. ஆனால் அந்த மாடலுக்குரிய பைகள் இங்கே கிடைக்குமா என்று விசாரித்து, ஓராண்டுக்கு வேண்டியதை யந்திரத்தோடு சேர்த்தே வாங்கிவிட வேண்டும். அத்தகைய நோய் இல்லாத வீட்டுக்கு, வாரந்தோறும் குடுவையைக் காலிசெய்து மாதந்தோறும் ஃபில்டரை அலசும் பொறுமை இருக்குமானால், உபரி ஃபில்டர் ஒன்றுடன் கூடிய குடுவை யந்திரம் சிக்கனமானது. உதறி மாட்டும் துணிப்பையை இருசாராரும் தவிர்ப்பது நலம். எதை வாங்கினாலும், பணம் கொடுக்குமுன் யந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொல்வதோடு நில்லாமல், அதைத் திறந்து தூசியைக் கொட்டிக் காட்டுமாறும் கேளுங்கள். இயன்றால், வீட்டில் அந்த வேலையைச் செய்யப்போகிறவரையும் உடன் அழைத்துச் சென்று அவர் சொல்வதைக் கேட்டு வாங்குங்கள்.