காயைக் குளிரில் வைக்காதீர்கள்!

சித்திரை பிறந்து விட்டால் போதும். சேலத்தில் இருந்தும் கிருஷ்ணகிரியில் இருந்தும் மாம்பழ லாரிகள் புறப்பட்டு விடும். பங்கனப்பள்ளி, செந்தூரா, இமாம்பசந்து, மல்கோவா என்று கடை முழுவதும் மஞ்சள் மயம்!

"கூடையாக எடுத்தால் விலை குறைவு" என்பார் கடைக்காரர். குடும்பத் தலைவரும் ஆசைப்பட்டு ஒரு கூடையைத் தூக்கி வந்து விடுவார். அதில் பாதி காய், பாதி செங்காய். நாலு நாள் ஒன்றும் பழுக்காது. ஐந்தாம் நாள் எல்லாம் ஒன்றாகப் பழுக்கும். ஏழாம் நாள் பாதி குப்பைக்குப் போகும். கொடுத்த காசும் போச்சு!

இதற்குப் பயந்து சிலர், வாங்கி வந்த அன்றே எல்லாவற்றையும் பிரிட்ஜில் அடுக்கி விடுகிறார்கள். அதுதான் தவறு.

காய்க்கும் மூச்சு உண்டு

பறித்த பிறகும் மாங்காய்க்கு உயிர் உண்டு. அது மூச்சு விடுகிறது. எத்திலீன் என்ற வாயுவையும் வெளியே விடுகிறது. காயைக் கனியாக்குவது இந்த வாயுதான். காயில் இருக்கும் மாவு, சர்க்கரையாக மாறுகிறது. பழுத்த பழம் ஒன்று, பக்கத்தில் இருக்கும் காயையும் பழுக்க வைத்து விடும்.

பாட்டிமார் மாங்காயை வைக்கோலில் புதைத்து வைத்தார்களே, ஏன்? சூடும் வாயுவும் வெளியே போகாமல் இருக்கத்தான்! அரிசிப் பானையில் போட்டு வைப்பதும் இதற்காகவே. பாட்டிக்கு வாயுவின் பெயர் தெரியாது. வேலை தெரியும்.

பிரிட்ஜின் உள்ளே சுமார் 4 டிகிரி குளிர் இருக்கும். மாம்பழம் வெயில் நாட்டுப் பிள்ளை. இந்தக் குளிரில் காயை வைத்தால் தோலில் கறுப்புத் திட்டுகள் விழும். பிறகு வெளியே எடுத்து வைத்தாலும் சரியாகப் பழுக்காது. ருசியும் மணமும் வராது.

ஆகவே, முதலில் பழுக்க விடுங்கள். காய்களைக் கழுவாமல், வைக்கோலிலோ பழைய காகிதத்திலோ சுற்றி, ஒரு மூலையில் வையுங்கள். கூடவே பழுத்த வாழைப்பழம் ஒன்று இருந்தால் சீக்கிரம் பழுக்கும். தினம் ஒரு முறை பார்த்து, அழுகியதை உடனே எடுத்து விட வேண்டும். காம்புப் பக்கம் மணம் வந்து, விரலால் தொட்டால் லேசாக அமுங்கினால் பழுத்து விட்டது என்று பொருள். இனி பிரிட்ஜில் வைக்கலாம். நாலைந்து நாள் தாங்கும்.

கார்பைடு கல்லை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். அதில் ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்திருக்கக் கூடும். அதை வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம்.

கப்பலில் வந்த ஐஸ்

அப்படியும் மிஞ்சும் பழங்களை என்ன செய்வது? உறைய வைக்கலாம். ஐஸ் என்பதே ஒரு காலத்தில் நம் ஊரில் கிடைக்காத பொருள். 1840-களில் அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் சென்னைக்குக் கொண்டு வந்தார்கள்! அதைச் சேமித்து வைக்கக் கட்டியதுதான் கடற்கரைச் சாலையில் இருக்கும் 'ஐஸ் அவுஸ்'. இப்போது அது விவேகானந்தர் இல்லம்.

இன்று பிரிட்ஜ் இருக்கும் வீட்டில் இந்த வேலை மிகவும் எளிது. நன்றாகப் பழுத்த பழத்தைக் கழுவித் துடைத்து, தோல் சீவித் துண்டு போடுங்கள். துண்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி, பிரீசரில் ஓர் இரவு வையுங்கள். காலையில் கல் போல இருக்கும். பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, தேதி எழுதி வையுங்கள். தேதி எழுதாத பை பிரீசரில் அனாதை!

கூழாகவும் வைக்கலாம். ஆனால் டப்பாவைத் தளும்ப நிரப்பக் கூடாது. தண்ணீர் உறையும்போது பெருகும். மேலே ஒரு விரற்கடை இடம் விடுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம்; வெடித்து விடும்.

தனிக் கதவு உள்ள பிரீசரில் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி குளிர் இருக்கும். மே மாதம் வைத்த கூழ் தீபாவளிக்குப் பாயசத்துக்கு ஆகும். ஒற்றைக் கதவு பிரிட்ஜின் உள்ளே இருக்கும் சின்ன ஐஸ் பெட்டியில் அவ்வளவு குளிர் வராது. அதில் வைத்ததைச் சில வாரங்களிலேயே தீர்த்து விட வேண்டும்.

உறைந்து உருகிய துண்டு, புதுப் பழம் போல இருக்காது. பழத்துக்குள் இருக்கும் நீர் ஐஸ் ஊசிகளாக மாறி, சதையைக் கிழித்து விடுகிறது. அதனால் கொழகொழ என்று ஆகி விடும். விருந்தாளிக்குத் தட்டில் வைக்க முடியாது. ஜூஸ், லஸ்ஸி, குழந்தைகளுக்குக் குச்சி ஐஸ் செய்யலாம்.

இன்னொன்று. குளிர், கிருமிகளைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. அழுக ஆரம்பித்த பழத்தை உறைய வைத்தால், உருகும்போது அதே அழுகல்தான் எழுந்து வரும்.

மின்சாரம் நின்றால்?

பிரீசர் கதவைத் திறக்காதீர்கள். நிறையப் பொருள் இருந்தால் ஒரு நாள் வரை கூடக் குளிர் நிற்கும். திறந்து பார்க்கும்போது கூழில் ஐஸ் பரல்கள் தட்டுப்பட்டால் மறுபடி உறைய விடலாம். உருகியும் ஜில்லென்று இருந்தால் அன்றைக்கே ஜூஸ் போட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்து விடுங்கள். சூடேறிப் புளித்த வாடை அடித்தால், எத்தனை கிலோ ஆனாலும் கொட்டி விட வேண்டியதுதான்.